அரைப்படி வீட்டு மருமகள் கை

தென்காசி
17 ஜூன் 2025

செல்விக்கு,

நேற்று போனில் பேசியது போதும். பேசினோம் என்பதைவிடக் கத்தினோம் என்பதுதான் சரி. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், நீ படித்துவிட்டதற்கு நீலக் குறி விழுந்ததும் ஏன் இன்னும் பதில் வரவில்லை என்று எனக்குக் கொதிக்கும். அதனால் மெயில். நீ ஜபல்பூரில் நிதானமாக உட்கார்ந்து படி. நானும் நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. நான் சொல்லி முடிக்கும்முன் நீ அழ ஆரம்பித்தாய், நான் வைய ஆரம்பித்தேன்.

நம் 'பெண்கள் பக்கம்' வெப்சைட்டில் பழைய கேலரி ஆமை மாதிரி நகருது என்று போன வாரம் ஒரு புது பிளகின் போட்டாயே, அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் அடியில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. படத்துக்கு நான் கம்ப்யூட்டரில் வைத்த பெயர்தான் அந்த வரி. நான் எப்படிப் பெயர் வைப்பேன் என்று உனக்குத் தெரியும். எங்கள் தெருவில் நின்று 'பாத்திமா' என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். எந்தப் பாத்திமா கல்யாணம் என்று எனக்கு அடையாளம் வேண்டாமா? வீட்டுப் பட்டப்பெயரைப் போட்டுத்தான் வைப்பேன். 'ஓட்டைப்பானை வீட்டு மாலை.' 'கொசுவலை வீட்டுப் பிள்ளைகள்.' 'அரைப்படி வீட்டு மருமகள் கை.' ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள், யாரும் யார் முகத்துக்கு நேரேயும் சொல்லாத பெயர்கள். அத்தனையும் ஒரு வாரமாகத் தென்காசி முழுக்கப் போனில் ஓடியிருக்கிறது.

நம் தொழிலே ஒரு வாக்கில் நிற்கிறது, செல்வி. கல்யாணத்தில் பெண்கள் இருக்கும் பக்கம் கேமராவோடு ஒரு பெண்தான் போக முடியும், இந்த ஊரில் அந்தப் பெண் நான். முகம் தெரிகிற படமெல்லாம் அவர்கள் ஆல்பத்தோடு சரி. வெப்சைட்டில் கை, பின்னல், பூ, மருதாணி மட்டும். யார் கை என்று ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அப்படிச் சொல்லித்தானே ஒவ்வொரு வீட்டிலும் சம்மதம் வாங்கினேன்? முகத்தை மூடிவிட்டுப் பெயரைத் திறந்துவிட்டோம்.

இதில் மாட்டியது சஃப்ரின். சித்திரையில் கல்யாணம் ஆன செங்கோட்டைப் பெண். அவள் கையைப் பார்த்து எந்தப் பார்லர் மருதாணி என்று பாதி ஊர் கேட்டதே, அவள்தான். அவள் மாமியார் மெஹர் பானு மாமி வீட்டுக்குத்தான் அரைப்படி என்று பெயர். யாரோ ஒரு தாத்தா வலிமா விருந்துக்கு அரைப்படியால் அரிசி அளந்தாராம், அவர் மண்ணுக்குள் போயும் படி போகவில்லை. மாமி அந்த வரியைப் பார்த்திருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கி, தள்ளித் தள்ளி, மற்ற படங்களையும் பார்த்திருக்கிறார்கள். சஃப்ரின் கையில் கிடந்த கிளிமூக்குப் பூட்டு வளையல், இரண்டு படம் தள்ளி இன்னொரு கையில் கிடக்கிறது. அதன் அடியில் 'ஓட்டைப்பானை வீட்டு கதீஜா கை'. கதீஜா சஃப்ரினுக்குப் பெரியம்மா மகள். கல்யாணத்துக்கு இரவல் கொடுத்த வளையல்.

"ஊரு எங்கள அரைப்படிங்குது. வந்த மருமக ஓட்டப்பான வளையலப் போட்டுக்கிட்டுல்லா வந்திருக்கா!" என்று மாமி காதில் விழுகிற மாதிரி சொன்னதும் சஃப்ரின் பையை எடுத்துக்கொண்டு செங்கோட்டைக்குப் போய்விட்டாள். அவள் மாப்பிள்ளை மன்சூர் ஷார்ஜாவில். "உம்மா சொல்லுதத அனுசரிச்சுப் போ" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டானாம்.

இதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று எழுது. அழாமல் எழுது.

முஹ்ஸினா


ஜபல்பூர்
18 ஜூன்

முஹ்ஸினா,

முதலில் வேலை. அந்த வரிகளை நீ போனை வைத்த உடனேயே நிறுத்திவிட்டேன். கல்யாணக் கைகள் ஆல்பத்தையும் கேலரியில் இருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்தது நியாயம். நான் பார்க்காமல் போடவில்லை. லேப்டாப்பில் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தேன். லேப்டாப்பில் அந்த வரி, மவுஸைப் படத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினால்தான் எட்டிப் பார்க்கும். போனில் மவுஸ் ஏது? அதனால் பிளகின் அதை எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கும். தென்காசியில் யார் லேப்டாப்பில் படம் பார்க்கிறார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. அது என் பங்கு.

உன் பங்கைச் சொல்லட்டுமா? அரைப்படி என்று எழுதிய விரல் உன் விரல். ஒரு நம்பர் போட்டு வைத்திருந்தால் நம்பர்தானே வெளியே வந்திருக்கும்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று என் தலையில் மட்டும் கொட்டாதே.

நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "நீ பட்டாளத்தான் பொண்டாட்டி. இருந்த எடத்துக்கு ரேஷன் வருது. எங்க தெருவப் பத்தி ஒனக்கென்ன?" என்றாய். ஏட்டி, இந்தக் குவார்ட்டர்ஸில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஹவில்தார் தில்லைநாயகம் வீட்டம்மா' என்பார்கள். அவர் எல்லையில் இருக்கிறார், நான் இந்த வெயிலில் நான்கு சுவருக்குள் இருக்கிறேன். நாளுக்கு ஒரு தடவையாவது அந்த வெப்சைட்டைத் திறந்து, நீ எடுத்த படத்தை அடுக்கி வைக்கும்போதுதான் நான் முத்துச்செல்வி. அதைத்தான் நீ எனக்கென்ன என்று கேட்டாய்.

எனவே என் முடிவு. மொத்த வெப்சைட்டையும் மூடிவிடலாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, நம் கடையையாவது மூடலாம். இனி யார் வீட்டிலும் நம்மால் ஒரு பெண் பையைத் தூக்க வேண்டாம்.

முத்துச்செல்வி


தென்காசி
20 ஜூன்

செல்வி,

மூடக்கூடாது. இதை முதல் வரியாகவே எழுதிவிடுகிறேன். மூடினால் நாம் ஏதோ மறைக்கிறோம் என்று ஆகிவிடும். ஓடினவளுக்கு ஒன்பதாம் இடத்தில் ராஜா என்று நீதான் ஜாதகம் பார்ப்பாய், எனக்கு அதெல்லாம் கிடையாது. இங்கேயே நின்று சரிசெய்யப்போகிறேன்.

நீ எடுத்துவிட்டேன் என்கிறாய். எங்கே எடுத்தாய்? கூகிளில் 'அரைப்படி வீட்டு' என்று அடித்ததும் சஃப்ரின் கை அப்படியே வந்து நிற்கிறது. கொசுவலை வீட்டுப் பெண்தான் எனக்கு அதைக் காட்டினாள், சிரித்துக்கொண்டே. அவளுக்கு என்ன, அவள் வீட்டில் வெறும் பிள்ளைகள் படம்.

இன்னொன்று. பீர் மைதீன் அண்ணன் கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு நான் கேமராவைத் தூக்கியபோதே அவன் சொன்னது இதுதான்: "ஒரு வீட்ல இருந்து ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னைக்கோட நிறுத்திரணும்." இப்போது பேச்சு வந்துவிட்டது. அவன் கத்தவில்லை, அடிக்கவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மைனி சாப்பிடச் சொன்னாள், சாப்பிடவில்லை. பீரோவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்தக் கேமரா இல்லாமல் இருக்க முடியாது, செல்வி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மெஹர் பானு மாமி வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். "வீட்ல ஆளில்ல" என்று உள்ளே இருந்து மாமியே குரல் கொடுத்தார்கள். மறுநாளும் போனேன், மறுநாளும் ஆளில்லை என்று அதே ஆள் சொன்னார்கள்.

பட்டாளத்தான் பொண்டாட்டி என்றது தப்பு. அந்த நேரத்தில் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தேன். ஆனால் கடையை மூடலாம் என்று சொல்லி நீயும் எறிந்துவிட்டாய், கணக்கு நேர். கூகிளைக் கவனி.

முஹ்ஸினா


ஜபல்பூர்
23 ஜூன்

முஹ்ஸினா,

கண்டுபிடித்தேன். வரியை மறைத்தாலும், ஆல்பத்தை எடுத்தாலும், படம் உள்ளே அதே பெயரோடுதான் கிடக்கும். வெப்சைட்டில் அதன் முகவரியே அந்தப் பெயர்தான். வாசல் பலகையைக் கழற்றிவிட்டு ரேஷன் கார்டில் பெயரை விட்டுவைத்த மாதிரி.

எல்லாப் படத்தையும் இறக்கி, பெயர் மாற்றி, பழையதை வேரோடு அழித்து, சஃப்ரின் கையும் கதீஜா கையும் தவிர மற்றதை மறுபடி ஏற்றினேன். பழைய படங்கள் கூகிளில் இருந்து மறைய இன்னும் சில நாள் ஆகும், அதற்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். இப்போது உன் படங்களுக்கு 'மல்லிகை', 'பிச்சி', 'கேந்தி' என்று பூப்பெயர். இனி நீயும் அப்படியே வை. கொசுவலை வீட்டுப் பிள்ளைகளுக்கு 'எருக்கு' என்று வைத்தேன். சிரித்தவள் வீடு அல்லவா.

இந்த முறை என் போனில் பார்த்தேன். எதிர்வீட்டுப் பஞ்சாபி அக்காவின் பழைய போனிலும் வாங்கிப் பார்த்தேன். "மெஹந்தி சுந்தர் ஹை", மருதாணி அழகு என்றாள். ஒரு வரியும் இல்லை.

இன்னொரு காரியமும் செய்தேன். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். சஃப்ரினுக்குப் போன் போட்டேன். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன். அவள் "அக்கா, என் கையக் காணோமே?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "ஒன் போட்டோவ எடுத்தாச்சுட்டி, இனி யாரும் பாக்க முடியாது" என்றேன். "எடுக்கச் சொல்லி நான் சொன்னேனா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அவளுக்காகத்தானே எடுத்தோம்? உனக்கு ஏதாவது புரிந்தால் சொல்.

வெப்சைட்டை மூடவில்லை. நீ அங்கே நின்று சரிசெய்யும்போது நான் இங்கே மூடமாட்டேன். எறிந்ததற்கு எறிந்தது சரி என்றாய், நான் எறிந்ததையும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

செல்வி


தென்காசி
30 ஜூன்

செல்வி,

கொஞ்சம்தான் எழுதுவேன், எரிச்சலில் இருக்கிறேன்.

மெஹர் பானு மாமிக்கு வீட்டில் கதவு இருக்கிறது. குற்றாலத்து அருவிக்குக் கதவு இல்லை. சீசன் வந்தால் மாமி தங்கச்சிமார்களோடு ஷேர் ஆட்டோ பிடித்து மெயினருவிக்குப் போவார்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவார்கள். மகள் வயிற்றுப் பேத்தி பள்ளிக்கூடம் போன பிறகு கிளம்புவார்கள் என்பது வரை விசாரித்துவிட்டேன். அங்கே பெண்கள் பக்கத்தில் வைத்து அவர்களைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். அங்கே "ஆளில்ல" என்று சொல்ல முடியாதல்லவா?

மலையில் பெய்த மழையில் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. போலீஸ் கயிறு கட்டி நிற்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். தடை எடுத்தார்கள், ஓடினேன், அன்று மாமி வரவில்லை. மறுபடி தடை. சாரலில் நனைந்து சளி பிடித்ததுதான் மிச்சம்.

சஃப்ரின் சொன்னது எனக்கும் புரியவில்லை. ஆனால் அது என் காதிலேயே நிற்கிறது.

கேமரா பீரோவில்தான்.

முஹ்ஸினா


ஜபல்பூர்
2 ஜூலை

முஹ்ஸினா,

கஷாயம் குடி. வெள்ளம் வடியாமல் எங்கே போகும்?

அருவிக்குப் போகும்போது போனை எடுத்துக்கொண்டு போகாதே. கையில் போனோடு நீ வந்தால், படம் பிடிக்கத்தான் வந்திருக்கிறாய் என்று மாமி அங்கேயே தலையில் கல்லைப் போட்டுவிடுவார்கள். வெறுங்கையோடு போ.

செல்வி


தென்காசி
12 ஜூலை

ஏட்டி செல்வி,

நடந்தது!

காலையில் வெயிலும் சாரலும் மாறி மாறி அடித்தது. மெயினருவியில் நல்ல தண்ணீர், தடை இல்லை. வாசலிலேயே மாமியைப் பார்த்துவிட்டேன், ஆனால் எதிரே போகவில்லை, பின்னாலேயே போனேன். தங்கச்சிமார் இருவரும் கூட இருந்தார்கள். குளிக்கிறதுக்கு முன்னால் எல்லாரும் நகையைக் கழற்றி ஒரு பையில் போட்டு, குளிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம் கொடுத்தார்கள். வளையலும் கம்மலும் இல்லாமல், எண்ணெய் தேய்த்த கைகளாக எல்லாரும் தண்ணீருக்குள் போனார்கள். கைகளாகவே எடுத்துப் பழகிய எனக்கு எந்தக் கை எந்த வீடு என்று தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நானும் உள்ளே போனேன். மாமிக்குப் பக்கத்தில், தண்ணீர் தலையில் இடிக்கிற இடத்தில் போய் நின்றேன். மாமி கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஓட முடியாது, பின்னால் பாறை, முன்னால் நான்.

"மாமி, தப்பு என்மேலதான்" என்றேன்.

"என்னது?" என்றார்கள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் குரலே கேட்காது.

"தப்பு என்மேலதான் மாமி!"

"கேக்கலட்டி!"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. எத்தனை நாள் சேர்த்து வைத்தது! தொண்டை கிழியக் கத்தினேன். "அரைப்படின்னு எழுதுனது நாந்தான் மாமி! நாந்தான் எழுதுனேன்! சஃப்ரின் மேல ஒரு தப்பும் இல்ல!"

நான் கத்திய அந்த நேரம் பார்த்து மேலே என்ன ஆயிற்றோ, தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்தது. இரைச்சல் சட்டென்று குறைந்தது. பெண்கள் பக்கம் முழுக்க, சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவள், பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புளியறையைத் தாண்டி வந்த மலையாளத்துப் பெண்கள்கூட, என்னவோ நடக்கிறது என்று சிரித்தார்கள்.

மாமி என்னைப் பார்த்தார்கள். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"வெப்சைட்ல போட்டது பத்தாதுன்னு இங்கயும் வந்து போட்டு ஒடச்சிட்டியாட்டி?" என்றார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள், செல்வி! முதலில் அவர்களுடைய தங்கச்சிமார் சிரித்தார்கள், அதைப் பார்த்து மாமியால் அடக்க முடியவில்லை. என் தலையைப் பிடித்துத் தண்ணீருக்கு அடியில் தள்ளினார்கள். கோபத்தில் தள்ளினார்களா பாசத்தில் தள்ளினார்களா தெரியவில்லை, மூச்சு முட்டியது.

துணி மாற்றிவிட்டு, சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். மாமி பேசினார்கள். "எனக்கு வளையல் எரவல்னு கோவமே கெடயாது. நான் மட்டும் என்ன, எங்கண்ணன் பொண்டாட்டி, எங்க மச்சி காசுமாலையப் போட்டுக்கிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்தேன். இந்த வீட்டுக்கு வந்த நாளா அந்த அரைப்படிங்கற பேச்சு என் காதுல விழுது. விருந்துன்னா நான் முழுப்படிக்கு மேல ரெண்டு கை போட்டு அளக்கேன், ஒரு பய மக மாத்திச் சொல்லல. அதையும் நீங்க ஊர் பூரா போன்ல போட்டுட்டிய. ஆத்திரத்துல வாயில வந்தத அந்தப் பிள்ளையச் சொல்லிட்டேன். இப்ப போயிக் கூப்புடவும் கூச்சமா இருக்கு."

"நான் கூட வாரேன் மாமி" என்றேன்.

நாளை மறுநாள் செங்கோட்டைக்குப் போகிறோம். சஃப்ரின் வந்தால்தான் அண்ணன் பீரோவைத் திறப்பான். ஆனால் ஒன்று சொல்கிறேன், இப்போது எனக்குக் கேமராவைவிட அந்தப் பெண் திரும்பி வருவதுதான் பெரிதாக இருக்கிறது.

முஹ்ஸினா


ஜபல்பூர்
13 ஜூலை

அருவியில் கத்தியவளே,

படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டாள். அவளுக்கு எப்படி விளக்குவது? இந்தியில் அரைப்படிக்கு என்ன?

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நீ வாயாலேயே பிழைத்துக்கொண்டாய்.

செங்கோட்டையில் அவள் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிவிடு. கேலரியில் என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன். முடியாது என்று பிளகின் சொன்னால், பிளகினை மாற்றுகிறேன்.

செல்வி


தென்காசி
15 ஜூலை

செல்வி,

சஃப்ரின் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் சேர் எடுத்துப் போட்டாள். அவள் உம்மா டீ கொண்டுவந்தாள். மாமி நேராக விஷயத்துக்கு வந்தார்கள், சுற்றி வளைக்கவில்லை. "நான் சொன்னது தப்புமா. வா, போவம்" என்றார்கள். மாமி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, தெருவில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சஃப்ரின் உடனே கிளம்பவில்லை. "வாரேன் மாமி. ஆனா என் கை போட்டோ திரும்ப வரணும்" என்றாள்.

"எதுக்குட்டி அது? அதுனாலதான இம்புட்டும்?" என்றார்கள் மாமி.

அப்போதுதான் அவள் கையை நீட்டினாள். மருதாணி எல்லாம் போய்விட்டது, வெறும் கை. "அந்த மருதாணி பார்லர்ல போட்டதில்ல மாமி. வலது கைக்கு எடது கையால நானே போட்டேன். முழு நாளும் ஒக்காந்து போட்டேன். எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னது அதத்தான். பொறவு எல்லாரும் வளையலத்தான் பேசுனாங்க. இவங்களும் வளையலுக்குப் பயந்து கையவே எடுத்துட்டாங்க."

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. நான் எத்தனை தடவை அந்தப் படத்தைத் திருத்தியிருப்பேன், வெளிச்சம் கூட்டியிருப்பேன். யார் போட்டது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நாம் அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து அவளிடம் இருந்த ஒன்றையும் பிடுங்கியிருக்கிறோம், செல்வி.

அடியில் என்ன எழுத வேண்டும் என்றும் அவளே சொன்னாள். வளையல் இரவல் என்றும் எழுதச் சொன்னாள். "அத எதுக்கு எழுதணும்?" என்று மாமி குதித்தார்கள். "ஊருக்கே தெரிஞ்சதுதான மாமி? நாமளே சொல்லிட்டா பொறவு சொல்லிக் காட்ட ஆளிருக்காதுல்லா?" என்றாள். மாமி யோசித்தார்கள். பிறகு, "அப்பம் வீட்டுப் பேரு போட்டா என் பேரப் போடு. அரைப்படின்னு வந்துச்சு, நான் மறுபடியும் அருவிக்கு வரமாட்டேன், ஒன் வீட்டுக்கு வருவேன்" என்று என்னிடம் சொன்னார்கள்.

எழுத வேண்டியது இதுதான், ஒரு எழுத்து மாற்றாதே:

சஃப்ரின், மெஹர் பானு வீடு. வளையல் இரவல். மருதாணி நானே போட்டது.

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் திரும்பினோம். மாமி நேராக எங்கள் வீட்டில் இறங்கி அண்ணனிடம் போனார்கள். "பீரு, எளைய பிள்ளைக்கு ஆடி கழிச்சுக் கல்யாணம் வச்சிருக்கேன். பெண்கள் பக்கம் போட்டோ எடுக்க இவ வரணும். நீ சாவியக் குடுக்கியா, நான் பீரோவ ஒடைக்கவா?" என்று கேட்டார்கள். அண்ணன் சட்டைப் பையில் கைவிட்டான்.

கேமரா என் மடியில் இருக்கிறது. லென்ஸைத் துடைத்துவிட்டேன்.

முஹ்ஸினா


ஜபல்பூர்
16 ஜூலை

முஹ்ஸினா,

சஃப்ரின் கையைப் பழைய இடத்தில் இல்லை, கேலரியின் முதல் படமாக வைத்திருக்கிறேன். அவள் சொன்ன வரியை எழுத்துக்கு எழுத்து அடித்தேன். லேப்டாப்பில் அழகாக வந்தது. நான் சூடு கண்ட பூனை, போனை எடுத்துப் பார்த்தேன்.

நல்ல வேளை பார்த்தேன். போனில் இந்தப் பிளகின் நீளமான வரியைப் பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைக்கிறது. என்ன தெரிந்தது தெரியுமா? 'சஃப்ரின், மெஹர் பானு வீடு. வளையல் இரவல்…' அதோடு நின்றுவிட்டது. மருதாணி இல்லை. அந்தப் பெண் எதைச் சொல்ல வேண்டும் என்று மாமியாரிடம் மல்லுக்கு நின்றாளோ, அதை மட்டும் தின்றுவிட்டது இந்தப் பிளகின்!

எழுத்தைச் சின்னதாக்கினேன், அப்போதும் வெட்டியது. வரியை முன்பின்னாக மாற்றிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு எழுத்து மாற்றாதே என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்தேன். சரி, மாற்ற வேண்டியது அவளை இல்லை, இந்தப் பிளகினைத்தான் என்று உட்கார்ந்தேன். உள்ளே எங்கோ வெட்டும் இடம் இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. சோறு பொங்கவில்லை, பஞ்சாபி அக்காதான் ரொட்டி கொண்டுவந்தாள். கண்டுபிடித்து, அந்த வெட்டையே எடுத்துவிட்டேன். இனி நம் கேலரியில் யாருடைய வரியும் பாதியில் நிற்காது.

இப்போது இப்படி இருக்கிறது:

சஃப்ரின், மெஹர் பானு வீடு.
வளையல் இரவல்.
மருதாணி நானே போட்டது.

போனில்தான் பார்த்தேன், ஏட்டி.

முத்துச்செல்வி